நான்காவது மூச்சு

பெயர் மூன்றுதான் கொடுத்திருக்கிறாய், நெடுவரிசை நான்கு இருக்கிறது என்று அவள் கணினியில் அட்டவணை போடும் பாண்டாஸ் மென்பொருள் மல்லுக்கு நின்றது. மெத்தைக்கு அடியில் விரிக்கிற அந்தக் கருவி, படுத்திருப்பவர்களின் மூச்சை ஆளுக்கொரு நெடுவரிசையாகப் பதியும். கம்பெனி அதை அவள் வீட்டிலேயே சோதிக்கச் சொல்லியிருந்தது. கட்டிலில் படுப்பது அவள், கணவர், மகள் குட்டி. நான்காவது தலைப்புக்கு வேறு யாரைத் தேடுவாள்?

சாயங்காலத்துக்குள் கம்பெனிக்கு அட்டவணையை அனுப்பியாக வேண்டும். அவர் வேலைக்குப் போயிருந்தார். குட்டி காய்ச்சலோடு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போதைக்கு நிரல் ஓடினால் போதும், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று கடைசி இரண்டு வரிசைக்கும் 'குட்டி' என்றே தலைப்பு வைத்தாள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் பாண்டாஸ் ஏன் என்று கேட்காது. பேசாமல் வாங்கிக்கொண்டது.

மழைச் சத்தத்துக்கும் மின்விசிறியின் கடகடப்புக்கும் அடியில், மூடாத கதவின் வழியே தைல வாசனையோடு மூக்கடைத்த சின்ன மூச்சு ஒன்று வந்துகொண்டிருந்தது. அது இழுத்து விட்டு முடிப்பதற்குள், அதே அடைப்போடு, அதே சீழ்க்கையோடு, இன்னொன்று.

"அம்மா, தண்ணி."

"வரேன்டா கண்ணு."

"அம்மா, தண்ணி," என்றது அதே குரல், கட்டிலின் மறுபக்கத்திலிருந்து.

போய்ப் பார்த்தாள். போர்வைக்குள் இரண்டு குட்டி. அதே பூப்போட்ட சட்டை. அதே உதட்டோரப் புண். இரண்டு நெற்றியும் கொதித்தன. பெற்றவளுக்குத் தெரியாதா? தெரியவில்லை.

"நிஜமா சொல்லு. நீ யாரு?"

"குட்டிதான்மா," என்றன இரண்டும்.

பெயர் வைத்ததால்தானே வந்தது. பெயரைப் பிடுங்கினால் போய்விடும். கணினிக்கு ஓடினாள். 'குட்டி' என்றிருப்பதை 'யாரோ' என்று மாற்று. தட்டினாள்.

தட்டிய பிறகுதான் உறைத்தது. பெயரைச் சொல்லி மாற்றினால் அந்தப் பெயர் உள்ள வரிசை எல்லாமே மாறும். எந்த வரிசை என்று அவள் சொல்லவே இல்லை.

திரையில் பக்கத்துப் பக்கத்தில்.

யாரோ. யாரோ.

உள்ளறைக்குப் பாய்ந்தாள். கட்டிலில் இரண்டும் எழுந்து உட்கார்ந்திருந்தன, ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு. அவளைக் கண்டதும் சுவரோடு ஒண்டின.

"ஆன்ட்டி," என்றன, அழுதுகொண்டே. "எங்க அம்மாவ கூப்பிடுங்க."