இழுத்து மாட்டிய ஸ்பிரிங்

சைக்கிள் டியூபிலிருந்து கிழித்த ஒரு கறுப்புத் துண்டைத் துரைசாமி கியர் ராடிலிருந்து அவிழ்த்து, ஷெட் வாசலில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் வீசினான். சாதாரணமான காரியம். உத்தமன் பார்க்க அவன் கடைசியாகச் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று.

நான்கு மாதமாக அந்த டியூப் துண்டை நம்பித்தான் லாரி ஓடிக்கொண்டிருந்தது. முதல் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். ஏற்றத்தில் ஏறும்போதும், சரிவில் நிறுத்தும்போதும் ராடை இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு இழுத்துக் கட்ட வேண்டும். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருந்தது. பிடித்தால் கை வலிக்கும், லாரி நிற்காது. இப்போது கட்டத் தேவையில்லை என்று, அந்த ஷெட்டின் மெக்கானிக்கான உத்தமன் சொல்லியிருந்தான்.

"ஏன் மாப்ளே, நெசமாவே புது ஸ்பிரிங்தானா? இல்ல, கல்யாணத்தன்னிக்கு உன்ற வெரல்ல மின்னுச்சே ஒரு மோதரம், அது மாதிரி இரவல் சரக்கா?" என்று கேட்டான் துரைசாமி.

"புதுசுதான் மச்சான். சந்தேகம்னா நீங்களே கழட்டிப் பாருங்க."

"கழட்டத் தெரிஞ்சிருந்தா என்ற தங்கச்சிய எதுக்கு உனக்குக் குடுக்கறேன்?"

மிச்சமிருந்த மூரிப் பொரியை வாயில் கொட்டிக்கொண்டு, காகிதத்தைக் கசக்கி உத்தமனின் தலையில் எறிந்துவிட்டு, துரைசாமி கிடர்பூர் துறைமுகத்துக்கு லாரியை எடுத்தான். அது எழுபத்து நாலாம் வருடம், ஆகஸ்ட் மாதம்.

ஸ்பிரிங் புதுசில்லை.

கியர்பாக்ஸின் மேல் மூடிக்குள் ஒரு சின்னக் குழி. அதில் கோலிக்குண்டைவிடச் சிறிய ஒரு இரும்புப் பந்து, அதன் தலையில் விரல்கடை நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் அழுத்தும் அழுத்தத்தில்தான் கியர் போட்ட இடத்தில் நிற்கிறது. முந்தின நாள் மூடியைத் திறந்தபோது ஸ்பிரிங் செத்துக் கிடந்தது. உதிரிபாகம் விற்கும் மல்லிக் பஜாரில் மழைத் தண்ணீர் இடுப்பளவு, கடைகள் திறக்கவில்லை. மேனேஜர் வெங்கட்ராமன் குடையோடு வந்து நின்று, "நாளைக்கு ரெடியாகுமாப்பா?" என்று கேட்டார். பக்கத்தில் துரைசாமி. ஆகாது என்று மச்சான் எதிரில் சொல்ல உத்தமனுக்கு வாய் வரவில்லை. பழைய ஸ்பிரிங்கையே இரண்டு குறடுகளால் பிடித்து இழுத்து நீட்டி உள்ளே போட்டான். எல்லா ஷெட்டிலும் செய்வதுதான். இரண்டு மூன்று நாள் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம். டியூபைக் கழற்றாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் பொய் தெரிந்துவிடும்.

பதினோரு மணிக்குப் பாலத்து ஏற்றத்தில் நெரிசல். துரைசாமி என்ஜினை அணைத்து, முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டைகூட வைக்காமல் இறங்கி, பின்னால் தளர்ந்திருந்த தார்ப்பாய்க் கயிற்றை முடிச்சுப் போடப் போனான். ஒரு ட்ராம் பாலத்தை அதிர வைத்துக்கொண்டு கடந்தது. பின்னால் நின்றது இரும்புக் கம்பி ஏற்றிய லாரி. தன் லாரி பின்னால் சரிந்தபோது துரைசாமி இரண்டுக்கும் நடுவில் இருந்தான்.

உத்தமன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது போலீஸ் சார்ஜென்ட் கேபினுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ராடு நடுவில் நின்றது. மெக்கானிக் யார் என்று கேட்டார். உத்தமன் சொன்னான்: "கியர்பாக்ஸ்ல ஒண்ணுமில்ல சார். நியூட்ரல்ல விட்டுட்டு இறங்கியிருக்கார்."

"டிரைவரேர் தோஷ்," என்று வங்காளியில் சொல்லிக்கொண்டே சார்ஜென்ட் எழுதினார். டிரைவர் மேல்தான் தவறு.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் உத்தமனின் மனைவி அருக்காணியும் அதையே சொன்னாள். "எங்கண்ணன் மேலதானுங்க தப்பு. எப்பவும் அவசரம். இவர் எவ்வளவோ பாத்துப் பாத்துச் செஞ்சு குடுத்தாருங்க." தன் அண்ணனுக்காக அவள் தலை குனியும்போதெல்லாம் உத்தமன் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தான்.

இருபதாம் நாள் லாரி ஷெட்டுக்குத் திரும்பியது. ஷெட்டின் தரை மழைத் தண்ணீர் வடிவதற்காகப் பின்பக்கம் கால்வாய்ச் சுவரை நோக்கிச் சரிந்திருக்கும். உத்தமன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முதல் கியரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். காலையில் ராடு நடுவில் இருந்தது. செத்த ஸ்பிரிங், கழன்றிருக்கும் என்று மறுபடி போட்டான். மறுநாளும் நடுவில். மூன்றாம் நாள் இரண்டு கதவையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனான். காலையில் கதவைத் திறந்தபோது, பூட்டிக் கிடந்த கேபினுக்குள் ஈரச் சணல் சாக்கின் வாடையும் அப்போதுதான் இழுத்து அணைத்த பீடியின் வாடையும் இருந்தன. ராடு நடுவில். அதன் தலையில் கை வைத்தான். வெளியே விடாத மழை. ராடின் தலை வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று சனிக்கிழமை. திங்களன்று புது டிரைவர் வருகிறான். உத்தமன் மல்லிக் பஜாருக்குப் போய் புது ஸ்பிரிங் வாங்கி வந்தான். மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்தான். பழைய ஸ்பிரிங் யார் கண்ணிலும் படக்கூடாது.

ஆறரை மணிக்கு லோட்ஷெடிங். துறைமுகம்வரை ஒரே இருட்டாக அணைந்தது. தூரத்துக் கப்பலின் ஊதல், தகரக் கூரையிலிருந்து வழியும் தண்ணீர், கால்வாயின் அழுகல் நாற்றம், அதற்கும் மேலே கியர் ஆயிலின் கந்தக நெடி. கேபினின் இடப்பக்கத் தரைப் பலகைகளைப் பெயர்த்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ராடோடு சேர்த்து மேல் மூடியைத் தூக்கி வெளியே சாக்கின் மேல் வைத்தான். திறந்த பெட்டிக்குள் பல்சக்கரங்கள் கறுப்பு எண்ணெயில் பாதி மூழ்கிக் கிடந்தன. பழைய ஸ்பிரிங்கை நெம்பி எடுத்தான். இழுத்த இடத்தில் குறடின் பல் தடம் அப்படியே இருந்தது. அதை எட்டிக் கால்வாயில் வீசினான்.

அப்போது கேட்டது.

டக்.

கேபினுக்குள்ளிருந்து. உத்தமன் சாக்கின் மேலிருந்த மூடியைப் பார்த்தான். ராடு மூடியில் இருக்கிறது; மூடி அவன் காலடியில். அங்கே கியர் மாற்ற எதுவுமே இல்லை. டார்ச்சை உள்ளே நீட்டினான். முதல் கியரின் பல்சக்கரம் தண்டில் ஒரு விரல் தூரம் நகர்ந்து நின்றது. எண்ணெயில் வளையம் வளையமாக அலை விரிந்து, ஓரத்தைத் தொட்டு, அடங்கியது.

எலி, என்றான் வாய்விட்டு. அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

புது ஸ்பிரிங்கைப் போட்டான். மூடியை இறக்கினான். எட்டு போல்ட். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை முறுக்கினான். இந்தத் தடவை ஒரு குறையும் இருக்கக்கூடாது. கட்டையை எடுத்துவிட்டுச் சரிவில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. எடுத்தான். ஏறி இடப்பக்கத்திலேயே உட்கார்ந்தான். டிரைவர் இருக்கைக்கு நகர மனம் வரவில்லை. கையை நீட்டி ராடை முதல் கியரில் தள்ளினான். கெட்டியாக விழுந்தது. லாரி ஒரு சின்ன முனகலோடு நின்றது. நின்றேவிட்டது. உத்தமனுக்குக் கண்ணில் நீர் வந்தது. இவ்வளவுதான் வேலை. அன்றைக்கே இதைச் செய்திருக்கலாம்.

பக்கத்து இருக்கையின் சுருள்கள் கிரீச்சிட்டன.

டார்ச் மடியில் இருந்தது. வெளிச்சம் சிவந்து மங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் இருக்கையின் ரெக்ஸின் மெல்ல அமிழ்ந்தது. பருமனான ஒருவர் மூச்சை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அமிழுமே, அப்படி.

ராடின் மேலிருந்த அவன் கையின் மேல் எதுவோ வந்து படிந்தது. கனமாக. காய்ப்பு ஏறிய உள்ளங்கை.

"ஏனுங்க, உள்ளதான் இருக்கீங்களா?"

அருக்காணியின் குரல். பின்னாலிருந்து. முன்வாசலில் தண்ணீர் நின்றதால் கால்வாய் ஓரத்துச் சின்னக் கதவு வழியாக வந்திருக்கிறாள். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் அரிக்கன் விளக்கின் வெளிச்சம் அசைந்தது.

"அருக்காணி! அங்க நிக்காத. முன்னால வா."

"முன்னால ஒரே சேறுங்க. சோத்த இங்கயே வெச்சிர்றேன்." தூக்குப்பாத்திரத்தின் மூடி திறக்கும் சத்தம்.

ராடு நகர்ந்தது. புது ஸ்பிரிங்கை எதிர்த்து, நிதானமாக. ஒரு நெல் அளவு.

"அருக்காணி, வான்னு சொல்றேன்ல!"

"எதுக்குங்க இப்பிடிக் கத்தறீங்க? கியர்லதான போட்டிருக்கீங்க?"

"ஆமா, ஆனா…"

"அப்பறமென்ன. உங்க கையால போட்டது கழலுமாக்கும்."

இன்னொரு நெல் அளவு. அவன் இரண்டு கையாலும் பிடித்தான். மேலிருந்த கை அசையவில்லை. அவசரப்படவில்லை. காத்திருந்தது.

பாம்பு என்று சொல்லலாம். அங்கே பாம்பு இருக்கிறது என்றால் ஓடிவிடுவாள். அந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் தோன்றியது. வாயைத் திறந்தான். "பா—"

ராடு பாதி வழி வந்துவிட்டது. லாரி ஒரு சாண் பின்னால் சரிந்தது.

"ஐயோ, நகருதுங்க!"

"பழசு!" என்று அலறினான். "ஸ்பிரிங் பழசு அருக்காணி! அன்னைக்கு நான் இழுத்து மாட்டிக் குடுத்தேன். புதுசுன்னு பொய் சொன்னேன். அத நம்பித்தான் உங்கண்ணன் டியூப அவுத்தாரு. அவர் நியூட்ரல்ல விடல. கியர்லதான் விட்டிருந்தாரு. அவர் மேல தப்பே இல்ல. நான்தான். நான்."

எல்லாம் நின்றது.

ராடு நின்றது. லாரி நின்றது. தூக்குப்பாத்திரத்தின் மூடி எங்கோ தரையில் உருண்டு, சுழன்று, ஓய்ந்தது. கூரையிலிருந்து தண்ணீர் மட்டும்.

பிறகு, பாதி வழி இழுபட்ட ராடு திரும்பிப் போய் முதல் கியரில் விழுந்தது. அவன் தள்ளவில்லை.

விளக்கு வெளிச்சம் பின்னாலிருந்து நகர்ந்து வந்தது. அவன் இருந்த பக்கமாக இல்லை, டிரைவர் பக்கமாக. ஜன்னலில் அருக்காணியின் முகம் தெரிந்தது. அழவில்லை. உத்தமனை அவள் பார்க்கவே இல்லை. அவனுக்கு முன்னால், கொஞ்சம் மேலே, யாருடைய கண்ணையோ பார்த்தாள்.

"கேட்டுட்டேண்ணா," என்றாள்.

முந்தானை நுனியை எடுத்தாள். வெறும் காற்றில், உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் நெற்றி உயரத்தில், மெல்ல ஒற்றி எடுத்தாள். துணியில் ஈரம் இறங்கிக் கறுத்தது.

"வீட்ல சோறு இருக்குது. ரெண்டு பேரும் வாங்க," என்றாள். விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கால்வாய்ப் பக்கத்துக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

டார்ச்சில் ஒரு சிவப்புப் புள்ளி மிச்சமிருந்தது. உத்தமன் அதைத் திருப்பிப் பார்த்தான்.

ரெக்ஸினில் விழுந்திருந்த பள்ளம் இன்னும் எழும்பவில்லை.