வீட்டோடை மட்டும்

"அம்மா, அப்பாவின்ரை தலைமாட்டு விளக்கு ஏன் நூந்து கிடக்கு?"

ரொறன்ரோவிலிருந்து மகன் சிவதர்ஷன் தொலைபேசியில் கேட்டபோது, பத்மாசினி குசினியில் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தார். உடுப்பிட்டியில் பின்னேரம் நாலு மணி. கணவர் அருளம்பலம் செத்துப் பன்னிரண்டு நாள். எரித்துப் பத்து நாள். கோப்பையைக் கொண்டுபோய்க் கூடத்து மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தார். படத்துக்கு முன்னால் ஏற்றியிருந்த விளக்கு அணைந்திருந்தது. திரியிலிருந்து புகை இன்னும் நூலாக எழுந்துகொண்டிருந்தது.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"லிங்கிலை பாக்கிறன் தானே."

பத்மாசினி முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவர். விடையை அல்ல, செய்கையைப் பார்த்துப் புள்ளி போடுகிறவர். கைபேசி ஒருநாள் 'இன்று அருமையாக நடந்தீர்கள்' என்று பாராட்டியபோது, தான் காய்ச்சலில் கட்டிலை விட்டே இறங்கவில்லை என்று அதற்குச் சத்தமாகவே சொன்னவர்.

அகதி வழக்கு முடியாத மகன் வர முடியாது என்பதால்தான் செத்தவீட்டு நேரலைக்கு அவர் சம்மதித்தார். நேரலைக்காரன் மயூரதன் மூன்று வகை காட்டினான்: வெள்ளி, தங்கம், பிளாட்டினம். பிளாட்டினம் எடுத்தால் ஒரு ட்ரோன் சுடலைவரை பெட்டியோடு பறந்து போகும். பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடுகிற ஊரில், தான் பார்க்காத நெருப்பை ரொறன்ரோ பார்ப்பதா என்று பத்மாசினிக்குப் பட்டது. படிவத்தில் தன் கைப்பட 'வீட்டோடை மட்டும்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"கொஞ்சம் விலகி அழுங்கோ அக்கா, ஐயாவின்ரை முகம் மறையுது" என்றான் மயூரதன் அன்று. அழுதவர்கள் விலகி அழுதார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்; பாதிப் பேர் இதயம் போட்டார்கள், யாரோ ஒருவர் கைதட்டினார். பெட்டி படலையைத் தாண்டியது. ஆண்கள் பின்னால் போனார்கள். மயூரதன் கமராவைக் கழற்றிக்கொண்டு போனான். பத்மாசினி கிணற்றடிக்குத் தோயப் போனார். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல முழு உடம்பும் கிடந்தது.

"அது பழைய வீடியோ, தம்பி" என்றார் இப்போது மகனிடம்.

"அப்ப இப்ப மேசையிலை வைச்சியளே, உந்த நீலக் கோப்பை?"

பத்மாசினி கோப்பையைப் பார்த்தார். நீலம்தான்.

"நான் பத்து நாளா வேலைக்குப் போகேல்லை அம்மா. படுக்கவுமில்லை. அப்பா தனியக் கிடக்கிறார். பிரேதத்துக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. நான் கண்ணை மூடினா ஆர் பாக்கிறது?"

குரல் வறண்டிருந்தது. இப்படியே விட்டால் இவனையும் பெட்டியில்தான் பார்க்க வேண்டிவரும் என்று நினைத்தார். அந்த நினைப்பும் வலிக்கவில்லை. அழைப்பை வைத்துவிட்டு மயூரதனுக்கு எடுத்தார்.

"லிங்க் இன்னும் மூடுபடேல்லை, ரீச்சர். கடைசிக் கட்டம் தகனம். அது பதிஞ்சாத்தான் சிஸ்டம் நிகழ்ச்சியை முடிக்கும்."

"எரிச்சாச்சு. சாம்பலும் கீரிமலையிலை கரைச்சாச்சு."

"ஓம், எனக்குத் தெரியும். ஆனா நீங்களெல்லோ வீட்டோடை மட்டும் எண்டு எழுதித் தந்தனியள். சிஸ்டத்தைப் பொறுத்தவரை ஐயா இன்னும் வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை."

"கமரா எங்கை?"

"என்ரை வானுக்கை கிடக்கு." பிறகு சொன்னான்: "முடிஞ்சா எங்கடை சேவைக்கு ஐஞ்சு நட்சத்திரம் ஒண்டு போட்டுவிடுங்கோ, ரீச்சர்."

எரித்தாச்சு என்று பத்மாசினிக்குச் சொன்னது கணவரின் தம்பி ஆழ்வாப்பிள்ளை. பத்மாசினி தன் கண்ணால் கண்டது படலைவரைதான்.

லிங்கைத் திறந்தார். பார்ப்பவர்கள்: 2. கூடம் மேல் மூலையிலிருந்து தெரிந்தது; நீலக் கோப்பை, அணைந்த விளக்கு, இன்று காலை அவரே தாள் கிழித்த நாட்காட்டியில் இன்றைய திகதி, நடுவில் தெற்கே தலை வைத்த பெட்டி, அதற்குள் பட்டுவேட்டியும் அருளம்பலத்தின் மூக்கும். நிமிர்ந்து பார்த்தால் அந்த இடத்தில் சிவப்புச் சீமெந்து நிலம் மட்டும், அதில் யன்னல் கம்பிகளின் நிழல், எங்கிருந்தோ மெல்லக் கசிந்து வருகிற வாடிய ரோசாமாலையின் வாசம், அதற்கடியில் பிரேதத்துக்கு ஏற்றும் மருந்தின் காரம். காற்றாடி சுற்றியது. கமரா இருந்த மேல் மூலையில் ஆணி அடித்த ஓட்டை மட்டும் இருந்தது.

மகன் மறுபடி எடுத்தான்.

"தம்பி, லிங்கைப் பார். நான் இப்ப கூடத்துக்கு நடுவாலை நடக்கப் போறன். ஒண்டுமில்லை எண்டு கண்டாப் போய்ப் படுப்பியோ?"

"ஓம்."

நடந்தார். திரையில் ஒரு வெள்ளைச் சேலை நடந்தது. அதன் நடை அவருடையதுதான்.

"மெல்ல அம்மா. பெட்டியிலை இடிக்காதையுங்கோ."

நிலம் வெறுமையாக இருந்தது. யன்னல் நிழல். ஒரு எறும்பு. இன்னும் ஓர் அடி.

முழங்கால் இடித்தது.

மரம்.

கண்ணுக்கு முன்னால் எதுவும் இல்லை. கையை இறக்கினார். இடுப்பளவில் கை நின்றது. மெழுகிய விளிம்பு. உள்ளே வழுவழுப்பான துணி. குளிர்.

கத்த வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. செய்கையில் பிழை எங்கே என்று தேடினார். இல்லை.

"கதிரையை இழுத்துப் பக்கத்திலை இருங்கோ அம்மா. நீங்கள் இருந்தா நான் படுப்பன்."

இழுத்தார். இருந்தார்.

"அப்பாவின்ரை கையைப் பிடிச்சிருங்கோ."

கையை நீட்டினார்.

"இப்ப சரி" என்றான். பத்து நாளில் முதல்முறையாக மூச்சு விட்டான். அழைப்பு நின்றது. பார்ப்பவர்கள்: 1.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எழும்ப முடியாது, எழும்பினால் பிரேதம் தனிய. திரையில் தன் பிடரியையும், நரைத்த கொண்டையையும், பெட்டிக்குள் நீண்டிருந்த தன் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெறும் காற்றில் நீட்டியிருந்த அந்தக் கையை, ஐந்து குளிர்ந்த விரல்கள் ஒவ்வொன்றாக மூடிப் பிடித்தன.