17U மேல்மாடி

செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் பொன்செல்வியின் ஆபீஸ். அன்று மழையில் நனைந்தபடி வந்து, குடையை உதறி மூலையில் சாய்த்துவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தாள். தாராவியில் அவள் பிறந்து வளர்ந்த சந்தின் வீடுகளை இடிக்கப்போகிறார்கள். மாற்று வீடு யார் யாருக்கு என்று பல கோப்புகளில் சிதறிக் கிடந்த விவரத்தை ஒரே அட்டவணையாகச் சேர்ப்பது அவள் வேலை. எழுத்தாகப் பதிவாகியிருந்த கதவு எண்களை, கம்ப்யூட்டர் கூட்டிக் கழிக்கக்கூடிய வெறும் எண்ணாக மாற்றச் சொல்லியிருந்தார் மேனேஜர் வெங்கடேஷ்.

ஓடிக்கொண்டிருந்த வேலை ஒரே ஒரு வரியில் இடறி நின்றது. 17U.

U என்றால் மேல்மாடி. கீழே பதினேழில் வேறு குடும்பம். மேலே, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறிப் போகும் அறையில், மாடத்தி மதினி பிள்ளைகளோடு இருக்கிறாள். அவள் புருஷன் செல்லத்துரை அண்ணன் தெருத்தெருவாக இட்லி விற்றவர். போன மழைக்காலத்தில் இட்லிப் பாத்திரத்தோடு அந்த ஏணியில் வழுக்கி விழுந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

U-வை வெட்டினால் அட்டவணையில் இரண்டு பதினேழு வரும். ஒரே வீடு இரண்டு முறை பதிவாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் ஒன்றைத் தள்ளிவிடும். மாடத்தி பிள்ளைகளோடு தெருவில் நிற்பாள்.

"ஒரே ஒரு வரிதானே பொன்செல்வி, போனாப் போறது" என்றார் வெங்கடேஷ். குரலை உயர்த்தாமலே குடியைக் கெடுக்கத் தெரிந்த மனிதர். அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து, U-வை நீக்கி, வேலையை ஓட்டினார்.

ட்யூப்லைட் மங்கியது.

புளித்த மாவின் வாசனை வந்தது.

டங்.

இரும்பில் வெறுங்கால் பதியும் ஓசை. அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவள் பொன்செல்வி. ஆனால் இந்தக் கட்டடத்தில் இரும்பு ஏணியே கிடையாது.

டங். டங்.

சுவருக்குள்ளேயே ஏறிப்போன ஓசை அவர்கள் தலைக்கு நேர் மேலே நின்றது. அங்கே இருப்பது பூட்டிக் கிடக்கும் மொட்டை மாடி. பொன்செல்விக்குப் பயத்தை மீறிக் கோபம் வந்தது. செத்த மனுஷனே ஏறி வந்து கேட்கும்போது, உயிரோடிருப்பவள் வாயை மூடிக்கொண்டு நிற்பதா?

"கதவு நம்பர வச்சிக் கூட்டப் போறோமா, கழிக்கப் போறோமா சார்? அது எழுத்தாவே இருக்கட்டும். நான் மாத்த மாட்டேன். வேல போனாலும் போவட்டு."

வெங்கடேஷின் நெற்றி வியர்த்திருந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. மேலே எலி ஓடுகிறது என்றார். மிச்சத்தை வீட்டில் தானே முடித்துக்கொள்வதாகச் சொல்லி, லேப்டாப்போடு மாட்டுங்காவுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் விடியும்போது, சந்தில் இட்லிக்காரர்கள் பாத்திரத்தோடு புறப்படும் நேரத்தில், பொன்செல்வியின் போன் அடித்தது. வெங்கடேஷ்தான். நீக்க நீக்க அந்த U திரும்பி வந்ததாம். போகப்போகச் சந்தின் எல்லாக் கதவு எண்ணிலும் ஒட்டிக்கொண்டதாம். எல்லாவற்றையும் பழையபடி எழுத்தாகவே மாற்றிய பிறகுதான் மற்ற கதவுகளிலிருந்து மறைந்ததாம்.

"அப்படியே அனுப்பிச்சுட்டேன். மாடத்தி பேர் இருக்கு. இனிமேலாவது மேலே நடக்கறவரைப் போகச் சொல்லேன்."

பொன்செல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மதினி கைக்கு வீட்டுச் சாவி வரட்டும் சார். அதுவரைக்கும் அண்ணன் அங்கனதான் இருப்பாவ."

வெங்கடேஷின் மூச்சுக்குப் பின்னால், டங் டங் என்று யாரோ இறங்கி வந்து, கனமான பாத்திரம் ஒன்றைத் தரையில் வைப்பது போனில் கேட்டது.