கவர்னரின் குண்டு

செருப்பைக்கூடக் கழற்றாமல் வசந்தாவின் வாசலில் நின்று அழுதாள் கார்குழலி. பெத்தாங் உலகப் போட்டியைப் புதுச்சேரிக்குக் கேட்டு வாங்க அமைத்த குழுவில் அவள் எழுத்தர். சின்ன மரக்குண்டை எறிந்துவிட்டு, அதன் பக்கத்தில் இரும்புக் குண்டை யார் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்று பார்க்கிற ஆட்டம் அது. ஊரைப் பார்த்து முடிவு செய்ய மறுநாள் வெளிநாட்டுத் தேர்வாளர்கள் வரவிருக்க, கண்காட்சி அறையில் வைத்திருந்த பழைய இரும்புக் குண்டைக் காணோம்!

"பூட்டு உடையல மேடம். இருக்கிற ஒரே சாவி எங்கிட்டதான். காலையில பத்து மணிக்குள்ள குண்டு வரலன்னா, திருடின்னு பேர் வெச்சி அனுப்பிடுவாங்க."

வசந்தா தடய ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கூட்டாளி மார்ட்டினுக்கு ஐம்பது வயதாகியும் அவசரம் மட்டும் குறையவில்லை.

"கள்ளச்சாவிதான் மேடம், சந்தேகமே இல்ல!" என்றார் அவர்.

போய்ப் பார்த்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. கம்பிகளுக்கு இடையே ஒரு சாத்துக்குடி நுழையும். ஆள் நுழைய முடியாது. ஜன்னலுக்குக் கீழே, வெளியிலிருந்து கை எட்டாத தாழ்ந்த மேஜையில் பித்தளைக் கோப்பையும் மரக்குண்டும் வைத்தபடி இருந்தன. பக்கத்தில் குண்டூசித் தட்டு. ஜன்னலடியில் நாலைந்து குண்டூசிகள் சிதறிக் கிடந்தன. 'பிரெஞ்சு கவர்னர் ஆடிய குண்டு' என்றது அட்டை.

"குண்டைக் குடுத்தது யாரும்மா?"

"நெல்லித்தோப்பு முசியே ரொலான். பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு. மரக்குண்டும் அவரோடதுதான். நேத்து அட்டையப் படிச்சிட்டு முகம் வாடித் திரும்பிப் போயிட்டாரு."

சாயங்காலம் கார்குழலியையும் கூட்டிக்கொண்டு பெத்தாங் மைதானத்துக்குப் போனார்கள். ரொலான் ஆடிக்கொண்டிருந்தார். முட்டிவலிக்காரர், குனியவே இல்லை. கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தொங்கவிட்டு, தரையில் கிடந்த குண்டை டக்கென்று எடுத்தார். மார்ட்டின் வாயைப் பிளந்தார்.

"திருடன் உள்ளயே வரல மார்ட்டின்" என்றார் வசந்தா மெதுவாக. "பித்தளையும் மரமும் அங்கயே இருக்கு. இரும்பு மட்டும் போயிருக்கு, ஊசியும் இழுபட்டு ஜன்னலண்ட விழுந்திருக்கு. ஜன்னல் வழியா கயித்துல எறக்கின காந்தம்தான்."

"இங்க பாதிப் பேர்கிட்ட காந்தம் இருக்கே மேடம்?"

"அட்டையப் படிச்சிட்டு மனசு நொந்தது ஒருத்தருதான்."

வசந்தா நேராகப் போய்க் கேட்டதும் ரொலான் மறுக்கவில்லை. பையிலிருந்து குண்டை எடுத்தார். "எங்கப்பா தனிஸ்லாஸ், துறைமுகத்துல மூட்டை தூக்கனவரு. துரைங்கள ஆடித் தோக்கடிச்சி ஜெயிச்ச குண்டு இது. கவர்னர் பேரைப் போட்டாத்தான் நம்ம ஊருக்கு மதிப்பா?"

அப்போதுதான் கார்குழலியின் வீங்கிய கண்களைப் பார்த்தார். "ஐயோ, பழி உன்மேல வரும்னு நெனைக்கவே இல்லியேம்மா..."

"அந்த அட்டைய டைப் பண்ணதே நான்தான் முசியே. பொய்னு தெரியும். குழுத் தலைவர் சொன்னாரு, அடிச்சேன்" என்றாள். ரொலான் குண்டை அவள் கையிலேயே கொடுத்தார்.

மறுநாள் பத்து மணிக்குக் குண்டு மேஜையில் இருந்தது. தேர்வாளர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் படித்தார்: 'மூட்டைத் தொழிலாளி தனிஸ்லாஸ், அதிகாரிகளை வென்று பெற்ற குண்டு.' படித்துவிட்டு, அவருடைய குடும்பத்தார் யாராவது ஊரில் இருக்கிறார்களா என்று கேட்டார்.

தலைவர் முகம் சுண்டிப்போனது. கார்குழலியை ஓரமாக இழுத்து, "யார் மாத்தினது இதை?" என்று பல்லைக் கடித்தார்.

கார்குழலி அவரை நேராகப் பார்த்தாள். "ரூமுக்குள்ள வேற யாரும் வரல சார். சாவி எங்கிட்டதான் இருந்துச்சி."