நகராத மேடு

1994 மார்ச் மாதம், ஆர்ச்வே பகுதியில் பத்மநாதனின் வீட்டு மணியை அடித்தாள் சிவகௌரி. கையில் இரண்டு நிறமாலை வரைபடங்கள்.

"அண்ணை, என்னோட ஆராய்ச்சி செய்யிற ரவிச்சந்திரன் தன்ர படத்தில மேட்டை அழிச்சுப்போட்டு என்னைப் பொய்க்காரி எண்டுறான். நாளைக்கு நேர்முகம், எல்லாருக்கும் முன்னால ஆய்வை விளக்கவேணும். இருக்கிறது ஒரு வேலை, கேக்கிறது நாங்கள் ரெண்டு பேர்."

விஷயம் இதுதான். தூசி மூடிய ஒரு விண்மீன் மண்டலம் அகச்சிவப்பில் கொழுந்துவிட்டு எரிகிறது. உள்ளே எரிப்பது புதிதாய்ப் பிறந்த நட்சத்திரங்களா, கருந்துளையா? நட்சத்திரங்கள் என்றால் நிறமாலையில் கரி மூலக்கூறுகளின் மேடு ஒன்று எழும். கருந்துளையின் மூர்க்க ஒளி அந்த மூலக்கூறுகளைப் பொசுக்கிவிடும். தொலைநோக்கியின் பதிவுகள் அடங்கிய ஒரே காந்த நாடாவிலிருந்து எடுத்தும், சிவகௌரியின் படத்தில் மேடு இருந்தது, ரவிச்சந்திரனின் படத்தில் இல்லை.

"அப்ப அவன்தான் திருடன்!" என்றாள் ரதி. பத்மநாதனின் உதவியாளரான அவளுக்கு எதிலும் முந்திரிக்கொட்டைத்தனம்.

முன்னாள் தொலைநோக்கிக் கருவிப் பொறியாளரான பத்மநாதன் அவசரப்படாமல், வரைபடத்தை அளக்க அடிமட்டத்தை எடுத்தார். "மேடு எங்க நிக்குது, பிள்ளை?"

"பதினொன்று தசம் மூன்று மைக்ரோன் அலைநீளத்தில. புத்தகத்தில உள்ள அதே இடம்."

"உங்கட மண்டலம் எங்களை விட்டு ஓடுது. மேடு சிவப்புப் பக்கம் தள்ளி, பன்னிரண்டைத் தாண்டியெல்லோ நிக்கவேணும்?"

"அந்தத் தள்ளலைத் திருத்தித்தான் நாடாவைத் தந்தவை எண்டு நினைச்சன்."

"அப்பிடியெண்டால் இந்தப் பள்ளம்?" அடிமட்டம் ஒன்பது தசம் ஆறில் நின்றது. "இது எங்கட தலைக்கு மேல இருக்கிற ஓசோன். திருத்தியிருந்தால் இதுவும் இடம் மாறியிருக்கும். மாறேல்லை. அப்ப ஒண்டும் திருத்தேல்லை. நகராத மேடு, ஓடாத பொருளின்ர மேடு. ரவிச்சந்திரனின்ர படம்தான் சரி."

சிவகௌரிக்கு அப்போதுதான் உறைத்தது. வேலையைத் தொடங்குமுன், அலைநீளம் சரிபார்க்க, நம் மண்டலத்துக்குள்ளேயே இருக்கும் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம் ஒன்றைப் பார்த்து அதே நாடாவில் பதிவது தொலைநோக்கியில் இருப்பவர்களின் வழக்கம். அந்த நெபுலாவுக்கு அந்த மேடு உண்டு. நாடாவில் எடுக்கவேண்டிய கோப்பின் எண்ணைத் தவறாக எழுதி, மூன்று வருடம் அவள் கட்டிக்கொண்டு மாரடித்தது அந்த நெபுலாவோடுதான்.

பத்மநாதன் ரவிச்சந்திரனைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார். "தம்பி, சிவகௌரியின்ர படத்தில இருக்கிற பிழை உங்களுக்கு எப்பயிருந்து தெரியும்?"

"கோப்பு எண் தப்புங்கிறதா? மூணு வருஷம் முன்னாடி, முதல் வாரமே தெரியும், சார்."

"ஏன் சொல்லேல்லை?"

"அவங்க கேக்கலையே. நாளைக்கு அவங்க பேசி முடிச்சதும் எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு இருந்தேன்."

பாவி! சிவகௌரிக்கு அழுகை வரவில்லை. அவமானத்தில் காது மட்டும் சுட்டது. "இதைக் குற்றமெண்டு எங்க எழுதுறது, அண்ணை?"

"எங்கயும் எழுதேலாது. நாளைக்குப் போங்கோ. அவன் வாய் திறக்க முன்னம் நீங்களே சொல்லுங்கோ."

"சொன்னால் வேலை?"

"அவனுக்குத்தான்," என்றார் பத்மநாதன்.