கழலாத நட்டு

காலை ஒன்பது இருபதுக்கு, பதுளைக்கு ஒரு மைல் இருக்கையில், தோட்டத்து லொறியின் எஞ்சின் வெடித்தது. உள்ளே பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டு, எஞ்சினின் விலாவைப் பொத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் கணபதி மலைப்பக்கத்து மண்ணில் முட்டவைத்து வண்டியை நிறுத்தினான். நாற்பது தேயிலைப் பெட்டிகளும் தப்பின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய கிளாக்கர் தர்மலிங்கமும் தப்பினார். கணபதி மட்டும் தப்புவதாகத் தெரியவில்லை.

அது 1924 ஐப்பசி. பதுளைக்கு ரயில் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

பத்தரை மணிக்கு, மாடு பூட்டி இழுத்துவந்த லொறியை வடிவம்மாவின் இரும்புக்கடைக்குப் பக்கத்து வெளியில் விட்டார்கள். வடிவம்மா அப்போது ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். அவள் தராசில் ஒரு விநோதம் உண்டு, கண்ணுகளா. எடைக்கல் இருக்கும் தட்டில் எப்போதும் ஒரு நெல்மணியும் போடுவாள். ஏன் என்று கேட்டால் சிரிப்பாள். மூன்று வருஷத்துக்கு முன் தாயைப் பார்த்துவர இராமநாதபுரம் போன அவள் புருஷன் சிதம்பரநாதன் இன்னும் திரும்பவில்லை. கடிதமும் இல்லை. கடை மட்டும் ஒருநாள்கூட மூடியதில்லை.

"அக்கா, ஒங்க கடை ஸ்பிளிட் பின்னுதான் இந்த எஞ்சினுக்குள்ள கெடக்கு. சாமான் சரியில்லையா, இல்ல இவன் செஞ்ச வேலையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. மத்தியானத்துக்குள்ள தொரைக்கு எழுதணும்" என்றார் தர்மலிங்கம்.

"என்ன எழுதப் போறீங்க?"

"வேணும்னே ஒடைச்சிருந்தா பொலிசு. இல்லாட்டியும் பத்துச் சீட்டுதான்."

பத்துச் சீட்டு என்றால் தோட்டத்தை விட்டே வெளியே. கணபதி தலைகுனிந்து நின்றான்.

"வேணும்னே ஒடைக்க இவனுக்கு என்ன வந்துச்சு கிளாக்கரய்யா?"

"பூனாகலைக்குப் போக ரெண்டு தரம் லீவு கேட்டான். தொரை குடுக்கல. பொண்டாட்டி அங்க, படுத்த படுக்கையாக் கெடக்கிற தகப்பனப் பாத்துக்கிட்டு இருக்கா. வண்டி பதுளையில படுத்துட்டா, ரெண்டு மணி ரயிலேறி பண்டாரவளையில எறங்கிடலாமில்ல? இவன் பையில பாருங்க, கண்ணாடி வளையல்!"

"வளையல் வாங்குறவன் நாற்பது பெட்டியோட பள்ளத்துல உருளப் பாப்பானா?" என்றாள் வடிவம்மா. "அடித்தட்டக் கழட்டுங்க."

பதினொன்று பத்து. எண்ணெய்த் தட்டில், அந்த இரும்புத் தண்டைப் பூட்டியிருந்த போல்ட்டின் அறுந்த துண்டு கிடந்தது. அதன் நுனியில் நட்டு அப்படியே இருந்தது. நட்டு கழலாமல் குறுக்கே செருகிக் கால் மடக்கிய ஸ்பிளிட் பின்னும் வளையாமல் இருந்தது.

வடிவம்மா அறுந்த முகத்தை வெயிலில் பிடித்தாள். "அரம் பட்ட தடம் இல்ல. கம்பிய முன்னும் பின்னும் வளைச்சா களைச்சுப்போயி அறுந்துடுமே, அந்த மாதிரி அறுந்திருக்கு. பிடி தளந்து, பலநாள் ஆடியிருக்கு."

"நட்டு அசையலயே, அக்கா! பின்னு போட்டது போட்டபடி இருக்கு. எப்படித் தளரும்?" என்றார் தர்மலிங்கம்.

"அதான் எனக்கும் புரியல. பூட்டு பூட்டினபடி இருக்கு, வீடு தெறந்து கெடக்கு."

பின்னை உருவி, நட்டைத் திருகி எடுத்தாள். தண்டின் மேல் பதிந்து உட்காரும் அதன் தட்டையான முகத்தில், ஒரு பாதி இரும்போடு இரும்பு உரசிப் பளபளத்தது. மறுபாதியில் மங்கிய மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். மாவாக உதிர்ந்தது. இன்னொரு நட்டையும் கழற்றிப் பார்த்தாள். துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"எஞ்சின எப்பப் பூட்டின, தம்பி?"

"ஆயுத பூசை அன்னிக்குச் சாயங்காலங்க."

"சாமானெல்லாம் பூசையில இருந்துச்சா?"

"ஆமாங்க. வாழையிலையில அடுக்கி வெச்சோம்."

"நட்ட எப்படி வெச்ச?"

"பின்னு நுழையிற பல்லுப் பக்கம் கீழ. தட்டைப் பக்கம் மேலங்க."

"பொட்டு வெச்சது யாரு?"

தர்மலிங்கம் முந்திக்கொண்டார். "பூசாரி வெச்சாரு, நானும் வெச்சேன். பொறவு இவன் பொண்டாட்டி தனலெட்சுமி. அன்னிக்கு அரைநாள் வந்துட்டுப் போனா."

"பூட்டுறப்போ பொட்டத் தொடச்சியா, தம்பி?"

"தொடச்சேங்க."

"எல்லாத்தையும்?"

பையிலிருந்த வளையல் பொட்டலத்தைக் கணபதியின் கை தானாகத் தடவியது.

வடிவம்மா இரண்டு நட்டுகளையும் கிளாக்கர் முன்னே வைத்தாள்.

"குத்தவாளி இந்தச் சந்தனந்தான், கிளாக்கரய்யா. காஞ்ச சந்தனத்து மேல நட்ட முறுக்கினா இறுகின மாதிரிதான் இருக்கும். எஞ்சின் சூட்டுல அது மாவா உதிந்ததும், நட்டுக்கடியில நூலளவு எடம் விழுந்துச்சு. பின்னு நட்டைத் திரும்பவிடாது, அவ்வளவுதான். போன இறுக்கத்த அது எங்கேருந்து கொண்டாரும்? நாமெல்லாம் பின்னப் பாத்தோம், நட்டுக்கடியில பாக்கல."

"அப்ப வேலை தெரியாதவன்!"

"தெரிஞ்சவன். அதான் மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. பூசாரி பொட்டத் தொடச்சிருக்கான், ஒங்க பொட்டையும் தொடச்சிருக்கான். ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அது யாரு வெரலு பட்டதுன்னு நான் சொல்லணுமா?"

கணபதி அந்த நட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அவ போனப்பொறவு பாத்தேங்க. வெரல் ரேகைகூட அதுல இருந்துச்சு. துணிய எடுத்துட்டு ரொம்ப நேரம் நின்னேன். மனசு வரலைங்க. அவ பேரு இதுல இழுபடக் கூடாதுன்னுதான் வாயத் தெறக்கல."

தர்மலிங்கம் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதை வெகுநேரம் துடைத்தார். பிறகு காகிதத்தை எடுத்து எழுதினார்: 'வேண்டுமென்று செய்ததல்ல. பூட்டும்போது ஒரு நட்டின் முகம் துடைக்கப்படவில்லை. இனி என் முன்னிலையில் துடைத்த பிறகே பூட்டப்படும்.' கையெழுத்துப் போட்டார்.

"கொழும்பிலருந்து சாமான் வர பத்து நாளாகும்" என்றார் யாரையும் பாராமல். "வண்டி இல்லாத டிரைவரு தோட்டத்துல எதுக்குடா? ரெண்டு மணி ரயிலு நிக்காதுடா, ஓடு!"

கணபதி வடிவம்மாவைக் கும்பிட்டான்.

"இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல ஆசைகூட நுழையப்படாது, தம்பி" என்றாள் அவள். "அவள எஞ்சின் மூடி மேல பொட்டு வைக்கச் சொல்லு. தெனமும் பாத்துக்கலாம்."

இரண்டு மணிக்கு ரயில் ஊதியது. கடையில் ஆணி வாங்க ஆள் நின்றது. வடிவம்மா வெறும் தராசைத் தூக்கினாள். சாமான் தட்டு மயிரிழை தாழ்ந்தது. சாமான் தட்டின் அடியில், மூன்று வருஷத்துக்கு முன் ஊருக்குப் புறப்பட்ட காலையில் சிதம்பரநாதன் வைத்துவிட்டுப் போன சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. துணியைக் கையில் எடுத்தாள். கொஞ்சம் நின்றாள்.

துணியை மடித்து வைத்துவிட்டு, எடைக்கல் பக்கம் ஒரு நெல்மணியைப் போட்டாள். முள் நேராக நின்றது.