அசையாத பச்சைக் கோடு

லென்ஸின் மூடி போட்டிருந்தது. ஆனாலும் மானிட்டரில் படம் தெரிந்தது.

பன்னீர்செல்வம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கன்ட்ரோல் ரூம் மேஜைக்கு மேலே, தூசி படிந்த மானிட்டரில், சாம்பல் நிறத்தில் ஒரு நாற்காலி. முதுகுப்பலகை, இரண்டு கைப்பிடிகள், பின்னால் மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை. அவருக்கு எதிரே இருந்த பெரிய கண்ணாடிக்கு அப்பால், ஸ்டுடியோவில், அந்தக் கிழட்டுக் கேமரா கறுப்பு மூடியோடு நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் வெறும் சிமென்ட் தரை. நாற்காலியும் இல்லை, திரைச்சீலையும் இல்லை.

"படம் வந்துருச்சு போலயே அண்ணே!" பின்னாலிருந்து நூஹு எட்டிப் பார்த்தான். கீழக்கரைக்காரன், ஷார்ஜாவில் பழைய சாமான் வியாபாரம். டிவி ஸ்டேஷன் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டதால், இங்கே மிச்சமிருந்த அத்தனையையும் மொத்தமாக எடுத்திருந்தான். "இது என்ன நாற்காலி? ரெக்கார்டிங்கா?"

"இல்லப்பா. இது பழைய டியூப் கேமரா. ஒரே காட்சியை ரொம்ப நேரம் காட்டினா டியூப்ல தழும்பு மாதிரி பதிஞ்சிரும். சூடானதும் தெரியும்."

"மூடி போட்டாலும் பாக்குதுங்கிறீக. நம்ம வீட்டுக்காரி மாதிரி." நூஹு தானே சிரித்துக்கொண்டான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஜும்மாவுக்கு நேரமாச்சு. தொழுதுட்டு அப்படியே சாப்பாடு வாங்கியாறேன். ஒரு மணி நேரம் நிக்காம ஓடுச்சுன்னாத்தான் மியூசியத்துக்காரன் இந்தக் கேமராவை எடுப்பான். நடுவுல ஆஃப் பண்ணிராதீக."

"சரி, போயிட்டு வா."

"மட்டனா, மீனா?"

"எதுவா இருந்தா என்ன?"

"அறுபது வயசுல மனுசனுக்கு அலுப்பைப் பாரு!" என்றபடியே நூஹு போனான். இரும்புக் கதவு இழுத்து மூடப்பட்டது. வெளியே துபாயின் வெள்ளிக்கிழமை மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, ஜன்னலே இல்லாத அந்தக் கட்டடத்துக்குள் ராத்திரியா பகலா என்றே தெரியவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் மட்டும். சூடேறும் தூசியின் வாசனை. கூடவே மெலிதாக, தைலத்தின் நெடி.

பன்னீர்செல்வம் நூஹுவிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அந்தக் கேமராவின் டியூப்களை 1984இல் அவரே மாற்றியிருந்தார். மூன்றையும். தன் கையால். அதற்கு முன்னால் பதிந்த எந்தத் தழும்பும் இதில் இருக்க வழியே இல்லை.

அந்த நாற்காலி 1976ஆம் வருடத்து நாற்காலி.

கோவில்பட்டியிலிருந்து பம்பாய் போய், அங்கிருந்து இங்கே வந்து இறங்கியபோது அவருக்கு முப்பது வயது. ஊரில் கறுப்பு வெள்ளை டிவியையே பலர் கண்ணால் பார்த்திராத காலம். இங்கே பாலைவனத்தில் கோபுரம் நட்டு, கேபிள் இழுத்து, கலரில் ஒளிபரப்பவே கிளம்பிவிட்டார்கள். கேமராக்களோடு ஓர் அட்டை வந்தது. நிறத்தைச் சரிபார்க்க அதில் ஒரு வெள்ளைக்காரியின் முகம். அதை வைத்து ட்யூன் செய்தால் அரபிகள் எல்லோரும் செங்கல் நிறத்தில் தெரிந்தார்கள். மறுநாள் தேசிய தினம், முதல் கலர் நேரடி ஒளிபரப்பு. 'நம்ம நிறத்து முகம் ஒண்ணு வேணும்' என்று இவர்தான் அடம்பிடித்தார். வீட்டிலிருந்து மனைவி வடிவைக் கூட்டிவந்ததும் இவர்தான்.

"காலையிலேருந்து நெஞ்சுல ஒரு மாதிரியா இருக்குங்க" என்றாள் வடிவு, காரில்.

"வாயுவா இருக்கும்."

"தைலம் தேய்ச்சிருக்கேன். பவுடராச்சும் பூசிக்கிடவா?"

"கூடவே கூடாது. நிறம் மாறிரும். நீ வந்து சும்மா உக்காரு, போதும். அசையாம உக்காரணும், அம்புட்டுதான்."

முக்கால் மணி நேரம். தலைக்கு மேலே எட்டு பெரிய விளக்குகள். அவளைத் தவிர ஸ்டுடியோவில் யாருமில்லை. கன்ட்ரோல் ரூமில் இவர் மட்டும். நல்ல இன்ஜினியர் படத்தைப் பார்க்க மாட்டான், கண் ஏமாற்றும். படத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்னத் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து சொல்லும் கோடு. அதைத்தான் பார்க்க வேண்டும். இவர் அதைத்தான் பார்த்தார். ஆரம்பத்தில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்த கோடு, பிறகு ஆடாமல் அசையாமல் நின்றது. மைக்கைத் தட்டி, ஸ்டுடியோவுக்குள் கேட்கும்படி பாராட்டினார்.

"சபாஷ் வடிவு! சிலை மாதிரி இருக்கே!"

சத்தம் தேவைப்படாத வேலை. அதனால் அவள் பக்கத்து மைக்கை மூடியே வைத்திருந்தார்.

மறுநாள் ஊரே அந்தக் கலரைப் பற்றிப் பேசியது. இவர் அப்போது ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த வருடம் சீஃப் இன்ஜினியர் ஆனார். புஜைரா மலையில் ரிலே கோபுரம், புது ஸ்டுடியோ, சாட்டிலைட், எல்லாம் அந்த ஒரு படத்திலிருந்து வந்தவை. கோவில்பட்டியில் சித்தி வீட்டில் வளர்ந்த மகள் ஜோதிமணி, ஒவ்வொரு லீவிலும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "அம்மா கடைசியா என்னப்பா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலம்மா. தூங்குன மாதிரி போயிட்டா."

முப்பது வருடமாகச் சொல்லிவந்த பதில். அது உண்மையா என்று அவருக்கே தெரியாது. உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிரார்த்தனை.

மானிட்டரில் நாற்காலி இப்போது காலியாக இல்லை.

முதலில் ஒரு கறை. நாற்காலியின் முதுகில் ஈரம் படர்வதைப்போல அது மெல்ல மெல்லப் பரவி, தோளாகி, கழுத்தாகி, நடுவகிடு எடுத்த தலையாகி, கடைசியில் முகமாயிற்று. வடிவு. இருபத்தைந்து வயது வடிவு. நிறம் ஏறிக்கொண்டே வந்தது. மஞ்சள் சேலை. கழுத்தில் தாலிச்சரடு. நெற்றியில் வியர்வை. அவர் அன்றைக்குக் கொண்டுவரத் துடித்த அதே மாநிறம், துல்லியமாக, ஒரு புள்ளி கூடவோ குறையவோ இல்லாமல்.

அவர் கை சுவிட்சுக்குப் போனது. ஒரே தட்டு. எல்லாம் அணைந்துவிடும்.

அணைத்தால் தெரியாமலே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட். விசா முடிந்துவிட்டது. இந்தக் கட்டடத்தை அடுத்த மாதம் இடிக்கிறார்கள்.

கையை எடுத்துக்கொண்டார்.

வடிவின் உதடுகள் அசைந்தன.

வெறும் முணுமுணுப்பாக இருக்கலாம். சாமி பேர் சொல்கிறாளோ என்னவோ. அவர் எழுந்து நின்றார். ஒலிப் பலகையில் அவள் பக்கத்து மைக்கின் பிடி, அன்றைக்குப்போலவே, மூடிய நிலையில் அடியில் கிடந்தது. அதிலிருந்து ஒயர்களை எல்லாம் போன வாரமே நூஹுவின் ஆட்கள் பிடுங்கி எடுத்திருந்தார்கள். கேட்க முடியாது. எதையும் கேட்க முடியாது.

பிடியை மேலே தள்ளினார்.

ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு. விளக்குகளின் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். அப்புறம் மூச்சு. குட்டை குட்டையான மூச்சு.

"என்னங்க..."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க... கொஞ்சம் வாங்களேன். நெஞ்சை அடைக்குது."

மூச்சு.

"கேக்குதா? வேலையா இருக்கீகளா?" அவள் கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினாள். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார் அல்லவா. "சரி... முடிச்சிட்டே வாங்க. நான் இருக்கேன்."

"வடிவு!" என்றார் பன்னீர்செல்வம்.

"என்னங்க."

"வடிவு, எந்திரி! எந்திரிச்சு வந்துரு!"

"என்னங்க... என்னங்க..."

எத்தனை தடவை. எண்ண முடியவில்லை. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு புன்னகை முயற்சி. படம் கெட்டுவிடக் கூடாதே என்று. வலது கை மட்டும் கைப்பிடியிலிருந்து எழும்பி, பக்கத்தில், காற்றில், எதையோ தேடியது.

அவர் ஓடினார்.

கனமான கதவு. தோளால் மோதித் திறந்தார். ஸ்டுடியோ. இருட்டு. வெறும் தரை. மூடி போட்ட கேமரா. நாற்காலி இல்லை. யாரும் இல்லை.

ஆனால் தைல நெடி. விளக்கே எரியாத கூரையிலிருந்து தகதகவென்று சூடு.

"வடிவு... நான் வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்."

மணிக்கட்டை ஏதோ தொட்டது.

விரல்கள். ஈரமான, சில்லிட்ட விரல்கள். ஒன்று. இரண்டு. ஐந்தும். இறுகின. முப்பது வருடம் காற்றில் துழாவிய கை, பிடி கிடைத்ததும் பிடித்துக்கொள்வதைப்போல.

அவர் அலறவில்லை. அழுதார். குனிந்து அந்த இல்லாத கையின் மேல் தன் இன்னொரு கையை வைத்தார். "யாரையாச்சும் கூப்பிடுறேன். பயப்படாத. டாக்டரைக் கூப்பிடுவோம்."

நிமிர்ந்தார்.

கண்ணாடிக்கு அப்பால் கன்ட்ரோல் ரூமில் வெளிச்சம் இருந்தது. மேஜை பளபளவென்று புதுசாக இருந்தது. அதன் முன்னால் ஓர் இளைஞன். முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. அடர்த்தியான சுருட்டை முடி. முகத்தில் பச்சை வெளிச்சம். குனிந்து, கண் இமைக்காமல், சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்!"

அவன் ஒரு குமிழைத் திருகினான்.

"டேய், இங்க பாருடா! தலையைத் தூக்குடா! செத்துக்கிட்டிருக்காடா!"

கண்ணாடியைத் தட்டப் போனார். மணிக்கட்டில் பிடி விடவில்லை. ஒரு கையால் எட்டியும் கண்ணாடி எட்டவில்லை. கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். அவன் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டான். மைக்கைத் தட்டினான். ஸ்டுடியோ முழுக்க அவருடைய சொந்தக் குரல், முப்பது வயதுக் குரல், சந்தோஷமாக ஒலித்தது.

மணிக்கட்டில் சுண்டுவிரல் தளர்ந்தது. பிறகு மோதிர விரல். நடுவிரல். ஆள்காட்டி விரல்.

கடைசியாகக் கட்டைவிரல்.

அவன் நிமிரவே இல்லை.

அவர் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு மணிக்கட்டில், மிக மெதுவாக, ஒரு விரல் வந்து தொட்டது. அடுத்தது. அதற்கடுத்தது.

"என்னங்க..."